வண்டி சாய்கிறதா, உடம்பு சாய்கிறதா? சைடு வீல் ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஸ்கூட்டருக்கு சைடு வீல் மாட்டுவது என் தொழில். எனக்கும் இடது காலில் போலியோ. காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிக் கூடு) போட்டுக்கொண்டு அதே மாதிரி வண்டியில்தான் தினமும் பட்டறைக்கு வருகிறேன். "அண்ணே, வண்டி ஒரு பக்கமா இழுக்குது" என்று யார் வந்தாலும் ஆரம்பத்தில் ஸ்பேனரைத்தான் எடுப்பேன். நட்டை இறுக்கி, ஷாக்கை மாற்றி அனுப்புவேன். அதில் பலபேர் பத்து நாளில் அதே குறையோடு திரும்பி வருவார்கள். ஒருநாள் பிசியோதெரபிஸ்ட் மேடம் ஒருவர் பட்டறைக்கு வந்திருந்தார். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "வண்டியை அப்புறம் பாருங்கண்ணே, முதல்ல அவரைப் பெஞ்சில உட்கார வைங்க" என்றார். அன்று தொடங்கிய பழக்கம் இது. அவரிடம் கற்றதும் பட்டறையில் பார்த்ததும்தான் கீழே இருக்கிறது.

எந்தக் குறையானாலும் முதலில் இரண்டு சோதனை.

வண்டிச் சோதனை. சமமான சிமென்ட் தரையில் ஆளில்லாமல் வண்டியை நிறுத்துங்கள். சீட்டின் குறுக்கே ரசமட்டத்தை வையுங்கள். இல்லையென்றால் போனில் இருக்கும் லெவல் செயலி போதும். தரை சமமா என்பதையும் அதே மட்டத்தால் முதலில் பார்த்துவிடுங்கள்.

பெஞ்சு சோதனை. மெத்தை இல்லாத மரப் பெஞ்சில், பாதம் முழுதும் தரையில் பதியும்படி உட்காருங்கள். பெல்ட்டைக் கழற்றி, சட்டையைத் தூக்கிவிட்டு, பின்னாலிருந்து வீட்டில் ஒருவரைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு இடுப்பெலும்பு மேட்டிலும் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டால் உயரம் சமமா என்பது படத்தில் தெளிவாகத் தெரியும். உட்கார்ந்தால் சாயும் அபாயம் உள்ளவருக்குப் பக்கத்தில் கட்டாயம் ஒரு ஆள் வேண்டும்.

பெஞ்சில் நேராக உட்கார்ந்து வண்டியில் சாய்ந்தால் கோளாறு வண்டியில். பெஞ்சிலும் சாய்ந்தால் உடம்பில். இரண்டிலும் இருந்தால் வண்டியை முதலில் சரிசெய்யுங்கள். கோணலான வண்டியில் உட்காரவைத்துப் போடுகிற மெத்தை எதற்கும் உதவாது.

## குறை 1: "ஒரு பக்கமா சாஞ்சுடுறேன்"

அதிகம் வருவது இதுதான். சீட்டைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஒரு பக்க ரெக்சின் தேய்ந்து பளபளப்பாக இருக்கும், மறுபக்கம் புதிதாகவே இருக்கும்.

### சாலையில் மட்டும் சாய்கிறது, மைதானத்தில் இல்லை

நம் ஊர்ச் சாலைகள் நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும், தண்ணீர் வடிவதற்காக. இரண்டு சக்கர வண்டி இந்தச் சரிவில் தானே நேராக நின்றுகொள்ளும். சைடு வீல் வண்டி அப்படி இல்லை, தரை எப்படியோ அப்படியே நிற்கும். இடது ஓரமாகவே ஓட்டுகிறவர் நாள் முழுதும் இடது பக்கம் சரிந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறார். இடது இடுப்பு ஏற்கெனவே பலவீனமானவருக்கு இது இரட்டைச் சுமை.

சோதனை: பள்ளி மைதானத்தில் அல்லது காலியான சிமென்ட் தளத்தில் நேராகப் போய், அதே கோட்டில் திரும்பி வாருங்கள். இரண்டு திசையிலும் நேராக உட்கார முடிந்தால் காரணம் சாலைதான். போக்குவரத்து அனுமதிக்கும் இடத்தில் தார் விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஓட்டுங்கள். செலவே இல்லாத தீர்வு.

### மைதானத்திலும் சாய்கிறது, ரசமட்டமும் சாய்கிறது

இந்த வரிசையில் பாருங்கள்.

இரண்டு சைடு வீலிலும் காற்று ஒரே அளவா? பெட்ரோல் பங்க்கில் ஐந்து நிமிட வேலை. கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

சீட்டுக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் ஒரு பக்கம் அமுங்கிவிட்டதா? இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சீட் தைப்பவரிடம் கொடுத்தால் ஒரே நாளில் மாற்றிவிடுவார்.

சைடு வீல் ஆர்ம், ஃபிரேமோடு சேரும் இடத்தில் போல்ட் தளர்ந்திருக்கிறதா? சக்கரத்தின் மேல்பகுதியைப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். "டக் டக்" என்று கேட்டால் போல்ட் அல்லது பேரிங். வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் வெடித்து, அந்தக் கோட்டில் துரு தெரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். அது விரிசல்.

ஒரு பக்க ஷாக் அப்சர்பர் தளர்ந்திருக்கிறதா? இரண்டு பக்கமும் மாறி மாறி அழுத்திவிடுங்கள். ஒன்று மட்டும் சட்டென்று இறங்கினால் அதுதான். மாற்றும்போது இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் சாய்வு மறுபக்கம் போய்விடும்.

கடைசியாக, செலவு அதிகமானது: ஃபிரேமே வளைந்திருப்பது. இதைத் தட்டி நிமிர்த்தக்கூடாது. சைடு வீல் கிட் முழுவதையும் மாற்றுவதானால், வண்டி மாற்றியமைத்ததாக ஆர்.சி.யில் பதிந்திருக்கும் என்பதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

### ரசமட்டம் நேராக இருக்கிறது, ஆள் மட்டும் சாய்கிறார்

பின் பாக்கெட்டில் பர்ஸ் இருக்கிறதா? கேட்கச் சின்ன விஷயம். ஆனால் ஒரு பிட்டம் சூம்பியிருப்பவருக்கு அந்த ஒரு விரல் கனம் போதும், இடுப்பைக் கோணலாக்க. அடுத்தது, ஊன்றுகோலை எந்தப் பக்கம் செருகுகிறீர்கள்? கோல் தொடையில் இடிக்காமலிருக்க எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்காருகிறவர்கள் நிறைய. கோல் தாங்கியை நான்கு விரல் வெளியே தள்ளி வைத்ததில் நேராகிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இவை இரண்டும் இல்லையென்றால் பெஞ்சு போட்டோவுக்கு வருவோம். ஒரு இடுப்பு தாழ்ந்து, மறுபுறம் உயர்ந்திருக்கும். இந்த இடத்தில் ஒரே கேள்விதான் முக்கியம்: தாழ்ந்த பக்கத்தைக் கையால் மெதுவாகத் தூக்கினால் இடுப்பு நேராகிறதா, இல்லையா? இதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் பிசியோதெரபிஸ்ட். நாமாக முடிவு செய்யக்கூடாது.

நேராகிறது என்றால் கோணல் இன்னும் இளக்கமானது. தாழ்ந்த பக்கத்தின் கீழே மெல்லிய திண்டு வைத்து இடுப்பைச் சமப்படுத்துவார்கள், கூடவே பயிற்சி கொடுப்பார்கள்.

நேராகவில்லை என்றால் முதுகெலும்பும் இடுப்பும் அந்த வடிவத்திலேயே இறுகிவிட்டன. இப்போது திண்டு உயர்ந்த பக்கத்தின் கீழே போகும். அங்கே இருக்கும் இடைவெளியை நிரப்பி, ஒரே பக்கம் விழும் எடையைப் பரப்பிவிடுவதுதான் நோக்கம். நிமிர்த்துவது இல்லை.

இதைத் தெரியாமல் நான் ஒரு தவறு செய்தேன். தண்டுவடத்தில் அடிபட்ட ஒரு தம்பி, இடது பக்கம் தாழ்ந்து உட்கார்ந்தார். நான் நல்லது என்று நினைத்து இடது பக்கம் கெட்டியான ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அவருடைய கோணல் இறுகிப்போன கோணல். ஏற்கெனவே எடை விழுந்த எலும்பு முனையில் இன்னும் எடை ஏறியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாததால் அவருக்குத் தெரியவும் இல்லை. பத்து நாள் கழித்து அவருடைய அம்மா போன் செய்து, "தம்பி, அவனுக்குப் புண்ணாயிடுச்சுப்பா" என்றார். ஆற மாதக்கணக்கில் ஆனது. அன்று முதல் பிசியோதெரபிஸ்ட் பார்க்காமல் யாருக்கும் ஒரு விரல் கனம்கூட நான் கூட்டித் தைப்பதில்லை.

உணர்ச்சி இல்லாதவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையம் வேண்டவே வேண்டாம். ஓட்டையைச் சுற்றி அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் குறையும். எந்தத் திண்டு மாற்றினாலும் முதல் நாள் பதினைந்து நிமிடம் மட்டும் உட்கார்ந்து, இறங்கி, கண்ணாடி வைத்துத் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் அந்தத் திண்டு உங்களுக்கானது இல்லை. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் சூடாக, கெட்டியாக, நிறம் மாறி இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

## குறை 2: "வளைவுல வெளிய தூக்கி எறியுற மாதிரி இருக்கு"

சாதாரண ஸ்கூட்டர் வளைவில் உள்பக்கம் சாயும், ஆளும் சேர்ந்து சாய்வார். சைடு வீல் வண்டி சாயாது. அதனால் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். முதலில் வண்டியைக் குறை சொல்லாமல் வேகத்தைப் பாருங்கள். வளைவுக்குள் போய்ப் பிரேக் பிடிக்கிறீர்களா, வளைவுக்கு முன்னாலேயே குறைக்கிறீர்களா? முன்னாலேயே குறைத்து, உடம்பின் எடையை உள்பக்கப் பிட்டத்துக்கு மாற்றி, போக வேண்டிய இடத்தைப் பார்த்துத் திரும்பினால் பெரும்பாலானவர்களுக்குப் பாதிச் சிக்கல் தீரும்.

அப்புறமும் இருந்தால்:

சீட் வழுக்குகிறதா? பளபளப்பான ரெக்சினில் உடம்பு தானே சறுக்கும். சொரசொரப்பான துணி உறை போடுங்கள். தடித்த தையல் மட்டும் உட்காரும் இடத்தில் வரக்கூடாது.

ஹேண்டில் பாரைத் தொங்கிப் பிடிக்கிறீர்களா? காலிலும் இடுப்பிலும் பிடிமானம் இல்லாதவர் கையால் தன்னை நிறுத்தப் பார்ப்பார். வளைவில் வண்டி நெளிந்து நெளிந்து போனால் இதுதான். கைப்பிடியைத் தளர்த்தச் சொல்லிப் பயனில்லை. இடுப்புக்குப் பக்கத் தாங்கலும் முதுகுத் தாங்கலும் கொடுத்தால் கை தானே தளரும்.

நடு உடம்பு பலவீனமா? பெஞ்சிலேயே தெரியும். மேடம் பட்டறையில் செய்து காட்டிய சோதனை இது. பக்கவாட்டில் கை எட்டும் தூரத்துக்கு நான்கு விரல் தள்ளி ஒரு டம்ளரை ஸ்டூல் மேல் வைப்பார். மறுகையை ஊன்றாமல் எட்டி எடுத்துவிட்டுத் திரும்ப நேராக வரவேண்டும். எடுக்கும்போது பலருக்கும் வரும். திரும்பி வருவதில்தான் மாட்டிக்கொள்வார்கள். எந்தப் பக்கம் எட்டிவிட்டு நிமிர முடியவில்லையோ, வளைவிலும் அந்தப் பக்கம்தான் விழுவார்கள். அந்தச் சோதனையே பயிற்சியும்கூட. காலியான டம்ளரில் ஆரம்பித்து, பக்கத்தில் ஒருவர் நிற்க, நாளுக்கு இரண்டு வேளை, சில தடவை. தூரத்தை எப்போது கூட்டுவது என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்வார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பிட்டமாகத் தூக்கித் தூக்கி முன்னே நகர்வதும் இதே வேலையைச் செய்யும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நெஞ்சையோ இடுப்பையோ வண்டியோடு கயிறு, துண்டு, பெல்ட் போட்டுக் கட்டாதீர்கள். வண்டி கவிழ்ந்தால் நீங்களும் அதனடியில். தாங்கல் வேறு, கட்டு வேறு.

## குறை 3: "முதுகு கூனுது, கை மரத்துப்போகுது"

எளிய காரணம்: சீட்டில் மிகப் பின்னால் உட்கார்ந்து எட்டிப் பிடிப்பது. முழங்கை சற்று மடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் நான்கு விரல் முன்னால் வந்து, பின்னால் வரும் இடைவெளியை முதுகுத் தாங்கலால் நிரப்புங்கள். தாங்கல் இடுப்பு வளைவில் பட வேண்டும். தோள்பட்டையில் மட்டும் பட்டால் கூன் கூடும்.

மரத்துப்போவது எந்த விரல் என்று கவனியுங்கள். கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் என்றால் முழங்கை அல்லது உள்ளங்கை ஓரம். கை முழுதும், அதுவும் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் தொங்கினால், காரணம் வண்டியாக இல்லாமல் அக்குளில் அழுத்தும் ஊன்றுகோலாக இருக்கலாம். கோலின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், எடை கைப்பிடியில் விழ வேண்டும். நமக்குக் கைதான் காலும். இந்தக் குறையை ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப் போடாதீர்கள்.

இடுப்பை நிமிர்த்தினால் தொடை முன்பக்கம் இழுக்கிறதா? வருடக்கணக்கில் உட்கார்ந்தே இருந்ததில் இடுப்பு முன்தசை சுருங்கியிருக்கும். குப்புறப் படுத்துக்கொள்வது நல்ல மருந்து. பத்து நிமிடத்தில் தொடங்கி, மெல்லக் கூட்டலாம். மூச்சுக் கோளாறு, இதய நோய், வயிற்றில் குழாய் உள்ளவர்கள் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

### முன்பு முடிந்தது இப்போது முடியவில்லை

போலியோ வந்தவர்களுக்கு இது தனிக் கிளை. இந்தியாவில் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத பகுதி என்ற சான்றும் கிடைத்தது. அதனால் இன்று வண்டி ஓட்டும் போலியோக்காரர்கள் ஏறக்குறைய எல்லோருமே நோய் வந்து பல பத்தாண்டுகள் கடந்தவர்கள். இந்தக் காலகட்டத்தில்தான் போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் வரும்: நல்ல காலும் கையும் புதிதாகத் தளரும், சீக்கிரம் களைக்கும், குளிர் தாங்காது. அதைச் சோம்பல் என்று நினைத்து உடற்பயிற்சியைக் கூட்டினால் இன்னும் தளரும். எனக்கு மேடம் சொன்ன கணக்கு: செய்த பயிற்சியின் களைப்பு மறுநாள் காலையிலும் மிச்சமிருந்தால் பாதியாகக் குறை. இங்கே சுய வைத்தியம் வேண்டாம். மருத்துவரைப் பார்த்து, வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பயிற்சியைத் தொடங்குங்கள்.

## குறை 4: "கால் ஃபுட்போர்டுல நிக்கவே மாட்டேங்குது"

### கால் தளர்ந்து நழுவுகிறது

ஃபுட்போர்டில் ரப்பர் மேட், ஓரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு தடுப்பு. இது போதும் பலருக்கு. செருப்பு வேண்டாம், பின்பக்கம் மூடிய ஷூ போடுங்கள். பட்டை போட்டே ஆக வேண்டுமென்றால் இழுத்தால் பிரியும் வெல்க்ரோ மட்டும். காலிப்பரில் முழங்கால் பூட்டைத் திறந்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். நீட்டிய கால் வெளியே நின்று பக்கத்து வண்டியில் இடிக்கும். பூட்டு திறந்தும் கால் மடங்கவில்லை என்றால் காலிப்பர் செய்து கொடுத்த இடத்துக்குப் போங்கள்.

உணர்ச்சி இல்லாத காலைச் சைலன்சர் பக்கம் போக விடாதீர்கள். சுட்டாலும் தெரியாது. வீட்டுக்கு வந்து லுங்கி மாற்றும்போதுதான் கொப்புளத்தைப் பார்ப்பீர்கள்.

### கால் துள்ளுகிறது, வெட்டி இழுக்கிறது

தண்டுவடக் காயம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு வருவது. முன்பாதம் மட்டும் படும்படி வைத்தால் துள்ளல் கூடும். குதிகாலை முழுதும் பதித்து, முழங்காலின் மேல் கையால் அழுத்திப் பாருங்கள், அடங்கும். கிளம்பும் முன் கெண்டைக்கால் தசையை மெதுவாக நீட்டிவிடுவது உதவும்.

வழக்கமாக இருப்பதைவிட திடீரென்று கூடினால் காலைப் பார்க்காதீர்கள், உடம்பைப் பாருங்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா, சிறுநீர்த் தொற்றா, மலச்சிக்கலா, எங்காவது புண்ணா, கால்விரல் நகம் சதைக்குள் வளர்ந்திருக்கிறதா? உணர்ச்சி இல்லாத உடம்பு வலியை இப்படித்தான் சொல்லும்.

## உடனே வண்டியை நிறுத்த வேண்டியவை

தண்டுவடத்தில் ஆறாவது மார்பு முள்ளெலும்பு (T6) மட்டத்திலோ அதற்கு மேலேயோ காயம் உள்ளவருக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, காயத்துக்கு மேலே மட்டும் வியர்ப்பது. ரத்த அழுத்தம் எகிறுகிறது. நிமிர்ந்து உட்கார வைத்து, இறுக்கமான துணி, பெல்ட், பட்டை எல்லாம் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். படுக்க வைக்காதீர்கள். உடனே 108.

புதிதாக ஒரு கை, கால் பலமிழப்பது, சிறுநீர், மலக் கட்டுப்பாடு மாறுவது, ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது: அன்றே மருத்துவமனை. விழுந்த பிறகு தொடை வீங்கினால் வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். பயன்படாத காலின் எலும்பு மெலிந்திருக்கும், சின்ன அடியிலும் முறியும்.

## யாரிடம் போவது

பெஞ்சில் சாய்கிறீர்கள் என்றால் பிசியோதெரபிஸ்ட்தான் முதல் ஆள். வெளியே போக முடியாதவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சென்னையில் கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனை, வேலூரில் பாகாயம் சி.எம்.சி. மறுவாழ்வு மையம் ஆகியவை கோணல் முற்றியவர்களுக்கு ஏற்றவை. பாகாயம் மையத்தை 1966இல் கொண்டுவந்த டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியிலிருந்தே வேலை செய்தவர். இதே மாதிரி காயத்தோடு எஸ்.ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் இருக்கும் மறுவாழ்வு அமைப்பான அமர் சேவா சங்கம்.

போகும்போது வண்டியையும் கொண்டுபோங்கள். பெஞ்சு போட்டோ, வண்டியில் உட்கார்ந்து பின்னாலிருந்து எடுத்த போட்டோ, வளைவில் ஓட்டும் ஒரு நிமிட வீடியோ மூன்றையும் காட்டுங்கள். "முதுகு வலிக்குது" என்று மட்டும் சொன்னால் கட்டிலில் படுக்க வைத்துத்தான் பார்ப்பார்கள். நீங்கள் சாய்வது கட்டிலில் இல்லை, சீட்டில். அவர்கள் சொல்லும் திண்டின் கனம், எந்தப் பக்கம், எத்தனை விரல் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிவந்து சீட் தைப்பவரிடம் அப்படியே கொடுங்கள். தைத்து வந்ததும் வண்டியில் உட்கார்ந்து பின்னாலிருந்து மறுபடி ஒரு போட்டோ எடுத்து, பழையதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து இன்னொன்று.